மோட்டோ ஈ (இரண்டாம் தலைமுறை) 3ஜி, 4ஜி வகைகளின் ஒப்பீடு

மோட்டோ ஈ (இரண்டாம் தலைமுறை) என்பது மோட்டோரோலா மொபிலிட்டி நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட குறைந்த விலைத் திறன்பேசி ஆகும். இந்தியாவில் இது 3ஜி, 4ஜி என இரண்டு வகைகளாக விற்பனைக்கு வந்தது. 3ஜி வகையின் அறிமுக விலை 6,999 ரூபாய். 4ஜி வகையின் விலை 7,999 ரூபாய். திரை, உடல், மின்கலம், ஒளிப்படக்கருவி ஆகியவற்றில் இரண்டும் ஒன்றே. சில்லும் அதனுள் அடங்கிய வானொலி மோடமும் மட்டுமே வேறு. வெளித்தோற்றத்தில் புலப்படாத இந்த ஒரு வேறுபாடு, அடுத்த ஆண்டில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையில் ஏற்பட்ட மாற்றத்தினால் இவ்விரு கருவிகளின் பயன்பாட்டுக் காலத்தையே பிரித்தது. 4ஜி வகை, தாம்பரத்தில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பெரும்புதூரில் ஒருங்கிணைக்கப்பட்டது என்பதால் தென்சென்னைப் புறநகர்ப் பகுதியுடனும் இதற்குத் தொடர்பு உண்டு.

பின்னணி

கூகுள் நிறுவனம் 2012 இல் மோட்டோரோலா மொபிலிட்டியைக் கையகப்படுத்தியது. பின்னர் அதைச் சீனாவின் லெனோவா நிறுவனத்திற்கு விற்றது. இவ்விற்பனை அக்டோபர் 30, 2014 அன்று நிறைவடைந்தது. இடைப்பட்ட காலத்தில், 2014 பெப்ரவரியில், மோட்டோ ஜி திறன்பேசியுடன் மோட்டோரோலா இந்தியச் சந்தைக்கு மீண்டும் வந்தது. கடைகளுக்கு அனுப்பாமல் பிளிப்கார்ட் இணையத்தளத்தில் மட்டுமே விற்பது என்னும் முறையை அது கையாண்டது. இடைத்தரகர், கடை வாடகை ஆகிய செலவுகள் குறைந்ததால் விலையும் குறைந்தது.

மோட்டோ ஈ முதல் தலைமுறை 2014 மே மாதம் 6,999 ரூபாய்க்கு வெளியானது. அதில் முன்பக்க ஒளிப்படக்கருவி இல்லை. உட்சேமிப்பகம் 4 கிகாபைட்டு மட்டுமே. முதன்முறையாகத் திறன்பேசி வாங்குவோரை நோக்கி வடிவமைக்கப்பட்ட இக்கருவிக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததால் அடுத்த ஆண்டே இரண்டாம் தலைமுறை வந்தது. அதன் 3ஜி வகை மார்ச் 10, 2015 அன்று இந்தியாவில் அறிமுகமானது. 4ஜி வகை அதே ஆண்டில் சில மாதங்கள் கழித்து வந்தது.

பொதுவான கூறுகள்

இரு வகைகளிலும் 4.5 அங்குலத் திரை உள்ளது. இதன் நுணுக்கம் 540 x 960 படவணுக்கள். திரையைக் கொரில்லா கண்ணாடி 3 பாதுகாக்கிறது. ரேம் நினைவகம் 1 கிகாபைட்டு, உட்சேமிப்பகம் 8 கிகாபைட்டு. 32 கிகாபைட்டு வரையிலான நினைவக அட்டையைச் செருகலாம். பின்பக்கத்தில் தானே குவியம் கொள்ளும் 5 மெகாபிக்சல் ஒளிப்படக்கருவியும், முன்பக்கத்தில் 0.3 மெகாபிக்சல் ஒளிப்படக்கருவியும் உண்டு. ஒளிர்வு விளக்கு இல்லை. மின்கலத்தின் கொள்ளளவு 2390 மில்லி ஆம்பியர் மணி. பயனர் அதைக் கழற்ற இயலாது. கருவியின் விளிம்பைச் சுற்றியுள்ள பட்டையைக் கழற்றி வேறு நிறப் பட்டையைப் பொருத்தலாம். அப்பட்டையைக் கழற்றினால் சிம் அட்டைகளையும் நினைவக அட்டையையும் செருகும் இடம் தெரியும். இரண்டு சிம் அட்டைகள், பண்பலை வானொலி, ஆண்ட்ராய்டு 5.0 இயங்குதளம் ஆகியனவும் இரண்டுக்கும் பொது.

வேறுபடும் கூறுகள்

| கூறு | 3ஜி வகை | 4ஜி வகை |
|---|---|---|
| இந்திய மாதிரி எண் | எக்ஸ்டி1506 | எக்ஸ்டி1521 |
| மேம்பாட்டுப் பெயர் | ஓட்டஸ் | சுர்னியா |
| சில்லு | ஸ்னாப்டிராகன் 200 | ஸ்னாப்டிராகன் 410 |
| நுண்செயலி | 4 கருவங்கள், கார்ட்டெக்ஸ் ஏ7, 1.2 கிகாஹெர்ட்ஸ் | 4 கருவங்கள், கார்ட்டெக்ஸ் ஏ53, 1.2 கிகாஹெர்ட்ஸ் |
| வரைகலைச் செயலி | அட்ரினோ 302 | அட்ரினோ 306 |
| உயர்ந்த வலையமைப்பு | 3ஜி | 4ஜி எல்டிஇ |
| கோட்பாட்டளவில் உச்சப் பதிவிறக்க வேகம் | நொடிக்கு 21 மெகாபிட்டு | நொடிக்கு 150 மெகாபிட்டு |
| அறிமுக விலை | 6,999 ரூபாய் | 7,999 ரூபாய் |

இரு நுண்செயலிகளின் கடிகார வேகமும் 1.2 கிகாஹெர்ட்ஸ் என்பதால் இரண்டும் ஒரே திறன் கொண்டவை என்று கருதுவது பிழை. கார்ட்டெக்ஸ் ஏ53, ஏ7 ஐ விடப் புதிய வடிவமைப்பு. ஒரே கடிகாரத் துடிப்பில் அது கூடுதல் வேலையை முடிக்கிறது. ஏ53 ஓர் 64 பிட்டு நுண்செயலி ஆகும். ஆயினும் மோட்டோரோலா இக்கருவியில் 32 பிட்டு ஆண்ட்ராய்டையே நிறுவியது. 1 கிகாபைட்டு ரேம் நினைவகம் மட்டுமே உள்ள கருவியில் 64 பிட்டு இயங்குதளம் நினைவகத்தை மேலும் நெருக்கும். எனவே 64 பிட்டு என்னும் விளம்பரச் சொல்லால் இக்கருவியின் பயனருக்குப் பெரிய ஆதாயம் இருக்கவில்லை. உண்மையான ஆதாயம் மோடத்தில் இருந்தது.

மோடமும் அலைக்கற்றையும்

ஒரு திறன்பேசி எந்த வலையமைப்பில் இயங்கும் என்பதை அதன் மோடமும் அலைவாங்கியும் தீர்மானிக்கின்றன. நினைவகம் போதாவிட்டால் நினைவக அட்டை செருகலாம். இயங்குதளம் பழையதானால் மென்பொருளை மாற்றலாம். மோடத்தை எந்த மென்பொருளாலும் மாற்ற இயலாது.

இந்தியாவில் 3ஜி சேவைக்கும் அகலக்கற்றைச் சேவைக்குமான அலைக்கற்றைகள் 2010 இல் ஏலம் விடப்பட்டன. தனியார் 3ஜி சேவைகள் பெரும்பாலும் 2100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நடைபெற்றன. அகலக்கற்றைக்கான 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை பின்னாளில் 4ஜி சேவைக்குப் பயன்பட்டது. தமிழ்நாட்டு வட்டத்தில் அதைப் பெற்ற நிறுவனங்களுள் ஏர்செல்லும் ஒன்று. 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் பின்னர் 4ஜிக்குப் பயன்படுத்தப்பட்டது. 4ஜி வகை மோட்டோ ஈ இவ்விரு அலைக்கற்றைகளிலும் இயங்கியது.

2015 தொடக்கத்தில் 3ஜி வகையை வாங்கியோரின் கணக்கு தவறானது என்று கூற இயலாது. அப்போது 4ஜி சேவை பெரும்பாலான பயனர்களை எட்டியிருக்கவில்லை. ஏர்டெல் நிறுவனம் தன் 4ஜி சேவையை நாட்டின் 296 நகரங்களுக்கு விரிவாக்குவதாக அறிவித்தது ஆகஸ்ட் 6, 2015 அன்றுதான். கண்முன் இல்லாத வலையமைப்புக்காக விலையில் ஏழில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தருவது குறைந்த வருவாய் உள்ள குடும்பத்திற்கு எளிய முடிவன்று.

திருப்பெரும்புதூரில் உற்பத்தி

ஆகஸ்ட் 18, 2015 அன்று லெனோவா நிறுவனம் தன் லெனோவா, மோட்டோரோலா திறன்பேசிகளைத் தமிழ்நாட்டில் உற்பத்தி செய்யப்போவதாக அறிவித்தது. உற்பத்தி, பிளெக்ஸ் (முன்னாள் பெயர் பிளெக்ஸ்ட்ரானிக்ஸ்) நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலையில் நடைபெற்றது. ஆண்டுக்கு 60 இலட்சம் கருவிகள் கொள்ளளவும், சுமார் 1,500 பணியாளர்களும் கொண்டதாக இவ்வமைப்பு அறிவிக்கப்பட்டது. அங்கு முதலில் உருவான கருவி மோட்டோ ஈ இரண்டாம் தலைமுறை 4ஜி வகை ஆகும்.

இம்முடிவுக்கு வரி அமைப்பு ஒரு முதன்மைக் காரணம். 2015-16 நடுவண் அரசு வரவு செலவுத் திட்டத்தில், இறக்குமதியாகும் நகர்பேசிகள் மீதான ஈடுசெய் தீர்வை 12.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உள்ளீட்டு வரிக் கழிவு கோராத உள்நாட்டு உற்பத்தியாளர் 1 விழுக்காடு கலால் தீர்வை செலுத்தினால் போதும். விலை குறைந்த கருவிகளில் இலாப விழுக்காடு மிகக் குறைவு என்பதால் இந்த வேறுபாடே உற்பத்தி இடத்தை மாற்றப் போதுமானதாக இருந்தது. எனினும் இங்கு நடைபெற்றது பெரும்பாலும் ஒருங்கிணைப்பும் சோதனையும் பொதிதலுமே. சில்லு, திரை முதலிய பாகங்கள் வெளிநாடுகளில் இருந்து வந்தன.

இவ்வறிவிப்பு வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை, வரி வழக்குகளுக்கு இடையே நவம்பர் 1, 2014 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதன் பின் இப்பகுதியில் நகர்பேசித் தொழிலின் எதிர்காலம் கேள்விக்குள்ளாகியிருந்தது. நோக்கியாவில் உச்சகாலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாகப் பணியாற்றினர். அந்த இழப்பை 1,500 பணியிடங்கள் ஈடுசெய்யவில்லை எனினும், தொழில் முற்றிலும் விலகிவிடவில்லை என்பதற்கு இது அடையாளமாக அமைந்தது.

தென்சென்னைப் புறநகரும் இக்கருவிகளும்

2015 இல் தாம்பரமும் திருப்பெரும்புதூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தாம்பரம் புதிய மாவட்டத்திற்குச் சென்றது. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும், வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலையும் இப்புறநகரைத் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளுடன் இணைக்கின்றன. இத்தொழிற்சாலைகளின் பணியாளர் பேருந்துகள் இச்சாலைகளில் ஓடுகின்றன. பணிநேர மாற்றத்தை அறிவதற்கும், நெடுநேரப் பயணத்தில் பாட்டும் படமும் காண்பதற்கும், ஊருக்குப் பேசுவதற்கும் ஒரே கருவியை நம்பும் பணியாளரும் மாணவருமே ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் திறன்பேசிகளின் இயல்பான வாடிக்கையாளர்கள்.

2015 திசம்பர் வெள்ளம் இவ்விரு கருவிகளும் சமமாக நின்ற சூழல் எனலாம். திசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரம் நின்று, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்த இடங்களில் 3ஜி என்றும் 4ஜி என்றும் வேறுபாடில்லை. அத்தகைய வேளையில் பயன்படக்கூடியது இரண்டிலும் உள்ள பண்பலை வானொலி ஆகும். இணையத்தொடர்பு இன்றியே அது இயங்கும். காதணிபேசியின் கம்பியே அலைவாங்கியாகச் செயல்படும். ஆனால் மின்கலத்தைக் கழற்ற இயலாது என்பதால் பழைய நகர்பேசிகளைப் போல் மாற்று மின்கலம் பொருத்திக்கொள்ளும் வழி இரண்டிலும் இல்லை.

ஜியோவின் வருகை

ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் செப்டம்பர் 5, 2016 அன்று வணிகச் சேவையைத் தொடங்கியது. முதலில் திசம்பர் 31, 2016 வரை அறிவிக்கப்பட்ட இலவசச் சேவை பின்னர் மார்ச் 31, 2017 வரை நீட்டிக்கப்பட்டது. அதுவரை 1 கிகாபைட்டு தரவுக்குச் சுமார் 250 ரூபாய் செலுத்திவந்த பயனர்களுக்கு இது பெரும் மாற்றம் ஆகும். நவம்பர் 8, 2016 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதும், அதே ஆண்டு திசம்பர் 30 இல் பீம் கட்டணச் செயலி வெளியானதும் திறன்பேசியில் இணையத்தொடர்பின் தேவையை மேலும் கூட்டின.

ஜியோவின் வலையமைப்பு முழுவதும் எல்டிஇ தொழில்நுட்பத்தால் ஆனது. அதற்கு 2ஜியோ 3ஜியோ கிடையாது. எல்டிஇ வலையமைப்பில் எல்லாம் தரவுப் பொதிகளாகவே செல்கின்றன. குரலும் வோல்ட்இ முறையில் பொதிகளாக அனுப்பப்பட வேண்டும். அக்காலத்தில் பிற நிறுவனங்களின் 4ஜி வலையமைப்பில் இருந்த கருவிக்கு அழைப்பு வந்தால், அது தற்காலிகமாக 3ஜி அல்லது 2ஜி வலையமைப்புக்கு இறங்கிப் பேச்சை ஏற்றது. ஜியோவில் இறங்குவதற்கு வேறு வலையமைப்பு இல்லை. எனவே இரு வகைகளின் நிலையும் பின்வருமாறு பிரிந்தது.

* 4ஜி வகை: ஜியோ சிம் அட்டையை ஏற்று இணையத்தில் இணைந்தது. வோல்ட்இ வசதி இல்லாத 4ஜி கருவிகளில் பேசுவதற்காக ஜியோ ஒரு தனிச் செயலியை வழங்கியது.
* 3ஜி வகை: ஜியோ சிம் அட்டையைச் செருகினாலும் வலையமைப்பில் பதிவாகவில்லை. ஜியோஃபை என்னும் கையடக்க இணைய வழங்கியைத் தனியே வாங்கி, அதனுடன் வைஃபை வழியாக இணைந்து மேற்கண்ட செயலி மூலம் பேசுவதே வழி.

செப்டம்பர் 2016 இல் ஜியோஃபை கருவியின் விலை 1,999 ரூபாய். ஓராண்டுக்கு முன் 1,000 ரூபாய் மிச்சம் பிடித்த பயனர், அதே சேவையைப் பெற அதைப்போல் இருமடங்கு செலவிட வேண்டியிருந்தது. அத்துடன் இன்னொரு கருவியையும் சுமந்து, அதற்கும் மின்னேற்ற வேண்டியிருந்தது.

மோட்டோரோலாவும் இம்மாற்றத்தை உணர்ந்தது. 2016 செப்டம்பரில் இந்தியாவில் 7,999 ரூபாய்க்கு வெளியான அடுத்த தலைமுறைக் கருவியான மோட்டோ ஈ3 பவர், 4ஜி வோல்ட்இ வசதியுடனேயே வந்தது.

இயங்குதள மேம்பாடு

2015 அக்டோபரில் மோட்டோரோலா வெளியிட்ட, ஆண்ட்ராய்டு 6.0 பெறவிருக்கும் கருவிகளின் முதல் பட்டியலில் மோட்டோ ஈ இடம்பெறவில்லை. வெளியாகி ஓராண்டுகூட நிறையாத கருவி கைவிடப்பட்டதாகப் பயனர்கள் கடுமையாகக் குறைகூறினர். பின்னர் ஆசியா, ஐரோப்பா, இலத்தீன் அமெரிக்கா, கனடா ஆகியவற்றில் விற்கப்பட்ட 4ஜி வகை பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கும் பெயர் குறிக்கப்பட்டது 4ஜி வகையே. அதிகாரப்பூர்வ மேம்பாட்டுக்கு வெளியே, இரு வகைகளுக்கும் தன்னார்வ மென்பொருளாளர்கள் கட்டற்ற ஆண்ட்ராய்டு வழிப்பதிப்புகளை உருவாக்கினர். அவை 3ஜி வகைக்குப் புதிய இயங்குதளத்தைத் தந்தன. புதிய வலையமைப்பைத் தர இயலவில்லை.

3ஜி வலையமைப்புகளின் முடிவு

2016 ஏப்ரலில் ஏர்செல், தமிழ்நாடு உட்பட எட்டு வட்டங்களில் தனக்கிருந்த 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏர்டெல்லுக்கு 3,500 கோடி ரூபாய்க்கு வழங்க ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் பெருமளவில் வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த ஏர்செல், 2018 பெப்ரவரியில் நொடிப்புநிலை நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அதன் சேவையும் நிலைகுலைந்தது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பிய பல்லாயிரம் பேருள் 4ஜி கருவி வைத்திருந்தோருக்கு எல்லா நிறுவனங்களும் திறந்திருந்தன. 3ஜி கருவி வைத்திருந்தோருக்கு ஜியோ மூடியிருந்தது.

ஏர்டெல் 2019 சூன் மாதம் கொல்கத்தாவில் தொடங்கித் தன் 3ஜி வலையமைப்பைப் படிப்படியாக நிறுத்தியது. விடுபட்ட அலைக்கற்றை 4ஜிக்குத் திருப்பப்பட்டது. இதன் விளைவு எதிர்பாராதது: 3ஜி இன்றி 2ஜியும் 4ஜியும் நிலைத்தன. அத்தகைய வலையமைப்பில் மோட்டோ ஈ 3ஜி வகை 2ஜி கருவியாகச் சுருங்கியது. அதில் அழைப்பும் குறுஞ்செய்தியும் இயங்கும். இணையம் மிக மெதுவாகவே வரும். வைஃபை உள்ள வீட்டில் மட்டும் அது முழுத் திறன்பேசியாக நீடிக்கிறது.

வகையை அடையாளம் காணுதல்

இரு வகைகளும் அளவிலும் தோற்றத்திலும் ஒத்திருப்பதால், பழைய கருவியாக வாங்கும்போது ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள வாய்ப்புண்டு. புதிய கருவிகள் இணையத்தில் மட்டுமே விற்கப்பட்டமையால், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற இடங்களின் கடைகளுக்கு இவை பெரும்பாலும் பழுதுபார்ப்புக்கும் மறுவிற்பனைக்குமே வந்தன. கீழ்க்காணும் வழிகளில் வகையை உறுதி செய்யலாம்.

* அமைப்புகள் பகுதியில் கருவியைப் பற்றிய விவரத்தில் மாதிரி எண்ணைக் காணுதல்: எக்ஸ்டி1506 எனில் 3ஜி, எக்ஸ்டி1521 எனில் 4ஜி.
* வலையமைப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் 4ஜி அல்லது எல்டிஇ என்னும் தெரிவு உள்ளதா எனப் பார்த்தல்.
* 4ஜி சிம் அட்டை ஒன்றைச் செருகி இணைப்புக் கிடைக்கிறதா எனச் சோதித்தல்.

பிற்காலத் தொடர்ச்சி

ஒரே பெயரில், வேறு மோடத்துடன் இரு வகைகளை வெளியிடும் வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. எடுத்துக்காட்டாக, சியாவுமி நிறுவனத்தின் ரெட்மி நோட் 12, 2023 இல் இந்தியாவில் 5ஜி, 4ஜி என இரு வகைகளாக வெளியானது. இந்தியாவில் 5ஜி சேவை அக்டோபர் 1, 2022 அன்று தொடங்கப்பட்டது. ஏர்டெல் முதலில் சேவை தொடங்கிய எட்டு நகரங்களுள் சென்னையும் ஒன்று. ஜியோவின் 5ஜி தனித்தியங்கும் முறையைப் பின்பற்றுவதால், 5ஜி எனப் பெயர் பெற்ற கருவியும் அம்முறையையும் உரிய அலைக்கற்றையையும் ஏற்றால் மட்டுமே அதில் இணைய முடியும்.

மோட்டோ ஈ இரண்டாம் தலைமுறையின் இரு வகைகளும் காட்டும் பொதுவான உண்மை இதுவே: விலை குறைந்த திறன்பேசியின் ஆயுள், விளம்பரத்தில் முன்னிற்கும் திரையையும் ஒளிப்படக்கருவியையும் விட, அது ஏற்கும் வலையமைப்பையும் அலைக்கற்றையையும் சார்ந்துள்ளது. மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே கருவியைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கே இவ்வேறுபாடு மிகுந்த பொருட்செலவாக முடிகிறது.

இவற்றையும் பார்க்க

* திறன்பேசி
* திருப்பெரும்புதூர்
* தாம்பரம்
* நான்காம் தலைமுறைக் கம்பியில்லாத் தொழில்நுட்பம்
* ஏர்செல்